இரவல் காது

வெள்ளவத்தையில் நான்காம் மாடி.
காலை ஐந்தேகாலுக்கு
இடது காதுக்குள்
யாரோ பூட்ட மறந்த தண்ணீர்க் குழாய்.

முதலில் குசினிக்குப் போய்ப் பார்த்தேன்.
பிறகு குளியலறை.
பிறகு மேல்வீட்டு ஏசிதான் என்று
பர்ஹானா டீச்சரோடு சண்டை.
அவர் பிளக்கைக் கழற்றிவிட்டு
என்னையே கூட்டிப்போய்க் காட்டினார்.
அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது.
அவரிடம் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.

மகள் போனில் ஒரு சத்தத்தைத் திறந்து
"இதா? இதுக்கு மேலயா?" என்று
மீன்காரனோடு விலை பேசுவதுபோல் ஏற்றினாள்.
ஆறாயிரத்து நூறு ஹேர்ட்ஸில்
அதுவும் இதுவும்
ஒன்றின் மேல் ஒன்று படுத்துக்கொண்டன.
முகத்தைச் சுளித்தாள்.
"அம்மா, இதையா நாள் முழுக்க?"
ஒரு நிமிஷம்
வீட்டில் இரண்டு பேர் கேட்டோம்.
பிறகு அவள் நிறுத்தினாள்.
அவளால் நிறுத்த முடிந்தது.

தலைச்சுத்து வேறு கணக்கு.
அதற்கு நேரமும் இல்லை, முன்னறிவித்தலும் இல்லை.
நூறாம் நம்பர் பஸ்ஸில், பம்பலப்பிட்டிச் சந்தியில்,
காலி வீதி முழுவதும்
கடல் பக்கமாகச் சரிந்தது.
யாரோ புடைக்கிற சுளகில்
கல் நான்.
"இறங்கிறதா?" என்றான் கொண்டக்டர்.
இறங்குவதா விழுவதா என்று
எனக்கே தெரியாத நேரம்.
கம்பியை விடாமல்
மிச்சக் காசை அவனிடம் விட்டேன்.

கந்தோரில் என் கூட்டுத்தொகைகள்
இன்னும் சரியாகவே வருகின்றன.
அதனால்தான் ஒருவரும் நம்புகிறார்களில்லை.

பஞ்சு ஒட்டிய பெட்டிக்குள் இருத்தி
காதுக்கு இரண்டு கிண்ணம் கவிழ்த்து
சத்தம் கேட்டால் பொத்தானை அமர்த்தச் சொன்னார்கள்.
கண்ணாடிக்கு அப்பால் உதடு மட்டும்:
"ஏஹெனவாத?"
கேட்டது.
எதற்கு அமர்த்துவது?
வெளியிலிருந்து வந்ததற்கா
எப்போதும் இருப்பதற்கா?
நேர்மையாக இருந்தால்
விரலை எடுக்கவே முடியாது.

கிட்டத்தில் வெடிச்சத்தம் ஏதும்
கேட்டதுண்டா என்றார் டொக்டர்.
எந்த வருஷம் என்றேன்.
பேனை நின்றது.
மேசையிலிருந்த பிளாஸ்டிக் காதை
இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்,
உள்ளே நத்தை மாதிரி ஒன்று, நீலம்.
அதுவும் இல்லையாம்.
அந்தச் சேதத்தின் கோடு வேறு மாதிரி விழுமாம்.
என் கோடு அழகாம்.
ஸ்கானும் அழகு. இரத்தமும் அழகு.
நாற்பத்தேழு வயதில்
இத்தனை அழகை ஒரே நாளில்
யாரும் சொன்னதில்லை.
பில் மட்டும் ஐந்து இலக்கம்.

போன வெள்ளி கரண்ட் நின்றது.
ஃபேன், பிரிஜ், லிஃப்ட், பக்கத்து வீட்டு டீவி
எல்லாம் ஒரே மூச்சில் செத்தன.
"அப்பாடா, என்ன அமைதி" என்றார் இவர்.
ஓம் என்றேன்.
இருபத்தொரு வருஷத்தில்
எத்தனையாவது பொய் என்று தெரியாது,
கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது.
என் காதுக்கு மட்டும்
தனி மீற்றர்.

ஞாயிறு பின்னேரம்
மரைன் டிரைவைத் தாண்டி
தண்டவாளத்தின் இந்தக் கரையில் நிற்கிறேன்.
தூரத்தில் வரும் ரயிலின் கூவலும்
என் காதின் கூவலும்
ஒரு தாய் பிள்ளைகள்.
தலையைத் திருப்பிப் பார்த்தால்
தண்டவாளமும் கூடத் திரும்புகிறது.

இறால் வடைப் பையன் தட்டோடு நின்றான்.
"கோச்சிய எனவாத?"
எண்ணெய்க் கையைக் காதில் குவித்து
தெகிவளைப் பக்கம்
ஒரு கணம் கேட்டான்,
எனக்காக.
"நே நோனா. யன்ன."

அவன் காதை இரவல் வாங்கி
கட்டைக்குக் கட்டை கால்வைத்துக் கடந்தேன்.
அங்கால்
பாறையில் மோதும் தண்ணீர்
எல்லாவற்றையும் கொஞ்ச நேரம் மூடியது.
ஆறாயிரத்து நூறும்
அதற்குள் எங்கோ இருந்திருக்கும்.
தேடவில்லை.

ஒரு வடையாவது வாங்கியிருக்கலாம்.
திரும்பும்போதும்
அவனைத்தானே கேட்க வேண்டும்.